கண்ணுக்குத் தெரியாமல் தேயும் ஒளி



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு குடாக்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒன்றன் பெயர் கல்குடா. மற்றதன் பெயர் பாசிக்குடா. பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றிலே கல் இருக்கிறது. மற்றதிலே பாசி இருக்கிறது. இப்பெயர்களை வழங்கிய நம் முன்னோர் உயிரியல் நூல் கற்றவர்கள் அல்லர். ஆயினும், அக்கடலில் விளையும் முருகையின் இரகசியம் முழுவதும் இந்த இரண்டு சொற்களிலும் அடங்கிவிட்டதே என்று நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. கல்லும் பாசியும் கூடி வாழ்வதே முருகை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த முருகையோடும், அதனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார் ஏற்றும் குழாய் விளக்கோடும் தொடர்புடையது. அந்த விளக்கை எப்போது மாற்ற வேண்டும் என்பதே கேள்வி. ‘இது என்ன பெரிய கேள்வி? விளக்கு அணைந்தால் மாற்றுவது’ என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்புத் தவறென்பதை அறிய நான் சிறிது விலை கொடுக்க நேர்ந்தது. அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

முதலில் முருகையைப் பற்றி இரண்டு வார்த்தை. முருகை என்பது வெறுங் கல்லன்று, செடியுமன்று, அது ஒரு பிராணி. சிறு பூவைப் போன்ற வாயும், வாயைச் சுற்றி விரல் போன்ற உணர்கொம்புகளும் உடைய மெல்லுடல் உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் குடியிருக்கின்றன. அவை தங்கள் அடியிலே சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொள்ளுகின்றன. அந்த வீட்டைத்தான் நாம் முருகைக்கல் என்கிறோம். ஆனால் இந்தச் சிறு பிராணிக்கு இத்துணைப் பெரிய வீட்டைக் கட்டும் வலிமை எங்கிருந்து வருகிறது? அதன் தசைக்குள்ளே, கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து, மாப்பொருளும் சர்க்கரையும் ஆக்கி, ஆக்கியதில் பெரும்பங்கைத் தமக்கு இடந்தந்த பிராணிக்கே கொடுத்துவிடுகின்றன. வெப்பமண்டலக் கடலில் வாழும் முருகைகள் பலவற்றுக்கு வேண்டிய சக்தியில் 90 வீதம் வரை இவ்வாறு பாசியிடமிருந்தே கிடைக்கிறது. முருகைக்கு நிறத்தைத் தருவதிலும் இப்பாசிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே ஒளி என்பது முருகைக்கு வெறும் வெளிச்சம் அன்று, அதுவே சோறு.

அந்தச் சோறு எத்தகையது என்பதையும் அறிய வேண்டும். சூரிய ஒளியிலே எல்லா நிறங்களும் உண்டு. ஆனால் கடல்நீர் அவற்றை ஒரே அளவாக உள்ளே விடுவதில்லை. சிவப்பு நிறத்தில் பெரும்பகுதி முதற் சில மீற்றர் ஆழத்திலேயே நின்றுவிடுகிறது. தெளிந்த கடலில் மிக ஆழம்வரை செல்வது நீலமே. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி நம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்திலே கிடக்கிறது. அந்த ஆழத்திற்குச் செல்லும் சுழியோடி கையில் விளக்குக் கொண்டு போகாவிட்டால் சிவப்புப் பொருளும் அவன் கண்ணுக்குக் கருமையாகவே தோன்றும். சுற்றிலும் நீலமே நிறைந்திருக்கும். முருகைக்குள் வாழும் பாசியும் இந்த நீல ஒளியை நன்கு உண்டு பழகியது. இந்த நீலத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

முருகையைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலையை முதன்முதலில் செம்மையாகச் செய்து காட்டியவர்களுள் ஒருவர் நம்மைப் போலவே வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவர். இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், 1961 ஆம் ஆண்டில் தமது முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் எழுதி வெளியிட்டார். கடல்நீர், உயிர்கள் படிந்த கடற்கல், மெல்லிய காற்றுக் குமிழிகள், சூரிய ஒளி ஆகியவையே அவர் கையாண்டவை. அவருக்கு விளக்கைப் பற்றிய கவலை பெரிதாக இருந்திருக்காது. வாசலில் சூரியன் காத்து நின்றது. ஆனால் இக்கலை குளிர்நாடுகளுக்குச் சென்றபோது, மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாரிகாலத்தில் சூரியனை எங்கே தேடுவது? அங்கேதான் குழாய் விளக்கு சூரியனுக்குப் பதிலாளாக வந்தது.

குழாய் விளக்கு நமக்கு அந்நியமானதன்று. ‘ரியூப் லைற்’ என்று நாம் வழங்கும் அதே பொருள்தான். 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் வேலைமுறையை ஒருமுறை விளங்கிக்கொண்டால், அது முதுமையடைவது எப்படி என்பதும் தானே விளங்கிவிடும். கண்ணாடிக் குழாயின் இரு முனைகளிலும் தங்குதன் உலோகத்தாலான சிறு சுருள்கள் இருக்கின்றன. அவற்றின்மீது இலத்திரன்களை எளிதில் வெளியிடும் ஒரு பூச்சுப் பூசப்பட்டிருக்கிறது. குழாய்க்குள்ளே மிகச் சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அந்த ஆவி ஒளிவிடுகிறது. ஆனால் அவ்வொளியில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத புறவூதாக் கதிர். குழாயின் உட்சுவரில் வெண்ணீறு பூசியது போலத் தோன்றும் ஒளிர்பொடியே அந்தக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. எந்தப் பொடியைப் பூசுகிறார்களோ அதற்கேற்ற நிறத்தில் ஒளி வரும். முருகை வளர்ப்பாருக்கென்று நீலத்தை மிகுதியாகத் தரும் பொடிகளைப் பூசிய குழாய்களும் செய்கிறார்கள்.

இப்போது முதுமையைப் பார்ப்போம். நாள்தோறும் புறவூதாக் கதிரும் பாதரசமும் தாக்கித் தாக்கி, அந்த ஒளிர்பொடி சிறிது சிறிதாகத் தன் திறனை இழக்கிறது. எல்லாப் பொடிகளும் ஒரே வேகத்தில் இழப்பதில்லை. நீலத்தைத் தரும் பொடி, சிவப்பையும் பச்சையையும் தரும் பொடிகளைவிட விரைவாகத் தளர்வது. மூடிய தொட்டிக் கூரையின் வெப்பம் இதை இன்னும் விரைவாக்கும். குழாய் ஒருநாளும் ‘நான் களைத்துவிட்டேன்’ என்று சொல்லாது. அது எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் முருகைக்கு வேண்டிய சோறு, நாளுக்கு ஒரு பருக்கையாகக் குறைந்துகொண்டே போகும்.

குழாய் விளக்கைச் செய்பவர்கள் பெட்டியிலே 20,000 மணித்தியாலம் என்று அதன் ஆயுளை அச்சிடுவதுண்டு. நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் எரித்தால் இது 2,000 நாள். ஏறக்குறைய ஐந்தரை ஆண்டு. ஆனால் அந்தக் கணக்கு, விளக்கு அணைந்துபோகும் நாளைக் குறிப்பது. முருகைக்கு அது பயன்படாமற்போகும் நாளைக் குறிப்பதன்று. இவ்விரண்டு நாட்களுக்கும் இடையிலே, சில வேளைகளில், ஆண்டுக்கணக்கான இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் முருகைகள் பட்டினி கிடக்கின்றன.

எண்பதுகளில் படுவான்கரைக் கிராமம் ஒன்றிலே குப்பி விளக்கின் முன்னிருந்து படித்தவன் நான். அந்த விளக்கு நம்மோடு பேசும். எண்ணெய் குறைந்தால் சுடர் சுருங்கும். திரி கருகினால் புகை வரும். அரிக்கன் லாந்தரின் சிமினியில் கரி படிந்தால் அம்மா மாலையில் சாம்பல் தொட்டுத் துடைத்து வைப்பார். அதற்கு இன்று என்ன குறை என்பது வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். குழாய் விளக்கோ ஊமை. அதன் குறையை அது சொல்லாது. நம் கண்ணும் கண்டுபிடிக்காது.

கண் ஏன் கண்டுபிடிப்பதில்லை? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கண் எதற்கும் பழகிக்கொள்ளும் இயல்புடையது. ஒளி குறைந்தால் கண்மணி விரிந்து கூடுதலான ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பியர் பூகே என்னும் பிரெஞ்சு அறிஞர், இரண்டு மெழுகுதிரிகளின் ஒளியை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். 64 இல் ஒரு பங்கு வேறுபாட்டையும் கண் கண்டுகொள்ளுகிறது என்று அவர் கண்டார். இவ்வளவு கூர்மையான கண்தான், இன்றைய ஒளியையும் ஆறு மாதத்துக்கு முந்திய ஒளியையும் ஒப்பிடச் சொன்னால் திகைத்து நிற்கிறது. அருகருகே வைத்தால் கண் நல்ல நீதிபதி. காலம் இடையிட்டால் அது சாட்சி சொல்லவும் தகுதியற்றது.

இரண்டாவது காரணம் நிறம் பற்றியது. பகலில் நம் கண் மிக நன்றாக உணர்வது பச்சையை; கணக்காகச் சொன்னால் 555 நனோமீற்றர் அலைநீளத்தை அடுத்த ஒளியை. நீலத்தை அது மிகக் குறைவாகவே உணர்கிறது. ஆகவே குழாயின் நீலப்பொடி தளர்ந்தாலும் பச்சைப்பொடி வலிமையோடு இருக்கும்வரை, ‘விளக்கு நன்றாகத்தான் எரிகிறது’ என்று கண் சான்று கொடுத்துவிடும். முருகைக்கு எது இன்றியமையாததோ, அதுவே நம் கண்ணுக்கு மிகச் சிறிதாகத் தெரிவது. முருகை உண்ணும் உணவை நம் நாக்கால் ருசி பார்ப்பது போன்றதே நம் கண்ணால் அதன் ஒளியை அளப்பது.

இனி, நான் கொடுத்த விலையைச் சொல்லுகிறேன். 2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், ரொறன்ரோவில் குடியிருக்கும் என் தம்பியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மட்டக்களப்பில் வாவிக்கரையில் வளர்ந்தவன் அல்லவா? கடலை மறக்க முடியாமல், நான்கடி நீளமான தொட்டி ஒன்றில் முருகை வளர்த்து வந்தான். அவை கடலிலிருந்து பிடுங்கியவை அல்ல. தொட்டிகளிலே துண்டு நட்டு வளர்த்து விற்கப்படுபவை. கூரையிலே 54 வாற்றுக் குழாய்கள் ஆறு எரிந்தன. தொட்டியில் இருந்த கிளைமுருகை ஒன்றைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடினாள் என் பெறாமகள். கட்டைவிரல் அளவில் வாங்கிய துண்டை உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருந்தாள்.

ஆனால் அந்த முருகை பழைய படங்களில் இருந்ததைப்போல் இல்லை. படத்திலே பச்சையும் ஊதாவுமாய்ப் பொலிந்தது, நேரிலே தேயிலைச் சாயம் போன்ற கபில நிறமாகக் கிடந்தது. பல மாதங்களாக வளரவும் இல்லை. தம்பி நீரை மாற்றிப் பார்த்தான்; உப்பின் அளவைச் சோதித்தான்; மீன்களுக்கு உணவைக் குறைத்தான்; புதிய வடிகட்டியும் வாங்கினான். விளக்கை மட்டும் அவன் ஐயுறவில்லை. நான் கேட்டபோது, “அது எரிந்துகொண்டுதானே இருக்கிறது, அண்ணன்!” என்றான். குழாய்களை மாட்டி இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன.

ஒருநாள் பேச்சுவாக்கில், ஒரு புதுக் குழாயை வாங்கி வந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஆறில் ஒன்றைக் கழற்றி அவ்விடத்தில் புதியதை மாட்டினோம். நேயர்களே, பக்கத்தில் இருந்த ஐந்தும் அந்தக் கணமே கிழவாகிவிட்டன! அதுவரை வெண்ணீலமாய்த் தோன்றியவை மஞ்சள் படிந்து மங்கித் தெரிந்தன. பூகே மெழுகுதிரியைக் கொண்டு கண்ட உண்மையை நாங்கள் குழாய் விளக்கைக் கொண்டு கண்டோம்.

அந்த மகிழ்ச்சியிலே நான் ஒரு தவறு செய்தேன். “காரணம் தெரிந்துவிட்டது, இனி ஏன் தாமதம்? ஆறையும் இன்றே மாற்று” என்று சொன்னவன் நான்தான். தம்பி மூத்தவன் சொல்லைத் தட்டவில்லை. அன்றே ஆறும் மாறின. எரியும் நேரமும் பழையபடி 10 மணித்தியாலமே. நான்காம் நாள் கிளைமுருகையின் நுனிகள் வெளுத்தன. பத்தாம் நாள் அது முழுவதும் வெண்மையாயிற்று. நான் ஊருக்குத் திரும்புவதற்கு முன் அது இறந்துபோயிற்று. “பெரியப்பா, வெளிச்சம் போதாது என்றுதானே கூட்டினோம்? பிறகு ஏன் செத்தது?” என்று பிள்ளை கேட்டாள். முப்பது ஆண்டுக்குக் கிட்டப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு அன்று வாய் எழவில்லை.

விடை இதுதான். நெடுநாட் பட்டினி கிடந்தவனுக்கு ஒரே நாளில் விருந்து படைத்தால் அவன் உடல் தாங்காது. மங்கிய ஒளியில் வாழ்ந்த பாசி, கிடைக்கும் சிற்றொளியையும் தவறவிடாமல் பிடிப்பதற்காகத் தன் நிறப்பொருளைப் பெருக்கி வைத்துக்கொள்ளும். முருகை கபில நிறமானதும் அதனாலேயே. அந்த நிலையில் திடீரெனப் பேரொளி பாய்ந்தால், பாசி ஆளமுடியாத அளவு ஒளியைப் பிடித்து, முருகையின் தசைக்கு நஞ்சாகும் ஒட்சிசன் வகைகளை உண்டாக்கிவிடுகிறது. முருகை தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியேற்றுகிறது. பாசி போனால் நிறம் போகிறது, சோறும் போகிறது. கடல் அளவுமீறிச் சூடாகும்போது பெருங்கடற் பார்கள் வெளிறுவதும் ஏறக்குறைய இத்தகைய ஒரு முறிவினாலேதான். 1998 ஆம் ஆண்டில் இலங்கையைச் சூழ்ந்த கடற்பார்கள் பல அவ்வாறு வெளிறின.

ஆகவே குழாய் விளக்கை மாற்றுவதிலே இரண்டு அறிவு வேண்டும்: எப்போது மாற்றுவது என்பது ஒன்று, எப்படி மாற்றுவது என்பது மற்றொன்று.

எப்போது என்பதற்கு முதல்வழி நாட்காட்டி. புதிய குழாயை மாட்டும் அன்றே, அதன் உலோக முனையில், அழியாத மையினால் திகதியை எழுதிவிட வேண்டும். இன்று பெரும்பாலும் கையாளப்படும் மெல்லிய, 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள, வலுக்கூடிய குழாய்களை ஒன்பது மாதம் முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றுவது அனுபவமுடையோர் வழக்கம். நீலக் குழாய்களை அவற்றுக்கும் முன்னதாக மாற்றுவாரும் உளர். நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் எரிந்தால் ஓராண்டுக்கு 3,650 மணித்தியாலம். இந்த எண்ணை அவர்கள் மனத்தில் வைத்திருப்பர்.

இரண்டாவது வழி, நாட்காட்டியைவிடச் சிறந்தது, அது ஒளிமானி. 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள ஒளியே தாவர இனங்கள் உண்ணும் ஒளி. அதனை அளக்கும் கருவிகள் உண்டு. புகைப்படக்காரர் வைத்திருக்கும் ஒளிமானி மனிதக் கண்ணைப் போலவே பச்சைக்கு முதலிடம் கொடுப்பது. அது இதற்கு உகந்ததன்று. புதுக் குழாயை மாட்டிச் சுமார் 100 மணித்தியாலம் எரித்தபின், தொட்டியின் மூன்று நான்கு இடங்களில் அளந்து எழுதி வைக்க வேண்டும். பின்னர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே ஆழத்தில் அளக்க வேண்டும். முதல் அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாயின் அதற்கு மேலும் காத்திருப்பது அறிவுடைமையன்று. நல்ல காற்றோட்டமுள்ள கூரையில் குழாய்கள் ஓராண்டுக்கு மேலும் திறனோடு இருப்பதுண்டு. அப்போது ஒளிமானி வீண்செலவையும் தடுக்கும். கருவி விலைகூடியது, ஆனால் நண்பர் பலர் சேர்ந்து ஒன்றை வாங்கிச் சுற்றில் விட்டால் போதும். அதுவும் இல்லாதவர், ஒரு புதுக் குழாயைப் பெட்டியில் வைத்திருந்து, பழையதன் பக்கத்தில் இடையிடையே மாட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் மாற்றுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். கடல்நீர்த் தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்பு, குழாயிலும் மூடுகண்ணாடியிலும் வெண்படலமாகப் படிந்துவிடும். குழாய்க்கு மேலுள்ள ஒளிதெறிப்புத் தகட்டில் தூசி சேரும். நாட்பட்ட நீர் மஞ்சள் நிறம் ஏறி நீல ஒளியை விழுங்கும். மின்சாரத்தை நிறுத்தி, குழாய் ஆறியபின் நன்னீர் தொட்ட துணியால் துடைத்தாலே இழந்த ஒளியில் ஒரு பகுதி திரும்பிவரும். அம்மா சாம்பல் தொட்டுச் சிமினியைத் துடைத்தாரே, அதே வேலைதான்.

குழாயின் முனைகள் கறுத்தல், துடித்து எரிதல், இளஞ்சிவப்பாக ஒளிர்தல் ஆகியவை முதுமையின் அடையாளங்களே. ஆனால் அவை மிகப் பிந்தி வருபவை. அவற்றுக்காகக் காத்திருப்பது, பிள்ளை மயங்கி விழுந்தபின் பசியா என்று கேட்பது போலாகும். தொட்டியில் வேண்டாத பாசி பெருகினால் உடனே விளக்கைக் குற்றஞ் சாட்டுவாரும் உண்டு. பாசி பெருகுவதற்கு முதற்காரணம் நீரிலே சேரும் நைத்திரேற்றும் பொசுபேற்றுமே. எனவே நீரையும் சோதித்த பின்னரே விளக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். முருகை கபில நிறமாதல், வளர்ச்சி நின்றுபோதல், ஒளியை நோக்கி நீண்டு எட்டிப் பிடித்தல் ஆகியவை கூடி வந்தால் ஐயம் வலுப்பெறும்.

இனி எப்படி மாற்றுவது? ஒரு கிழமைக்கு, அல்லது இரண்டு கிழமைக்கு, ஒரு குழாய் என்ற கணக்கில் மாற்ற வேண்டும். ஆறு குழாய் மாற இரண்டு மூன்று மாதம் ஆகட்டும், குற்றமில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்ற நேர்ந்தால், எரியும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துத் தொடங்கி, நாளுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்; அல்லது விளக்கை உயர்த்திக் கட்டிப் பின்னர் இறக்கலாம். ஒளி எவ்வளவு மெதுவாகக் குறைந்ததோ, அவ்வளவு மெதுவாக அதைத் திருப்பிக் கொடுப்பதே முறை. இது எனக்கு அந்தப் பிள்ளையின் முருகை கற்பித்த பாடம்.

கழற்றிய குழாய்களை உடைத்தெறியலாகாது. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. அது வாவியிலும் கடலிலும் சேர்ந்தால் மீன்வழியே நம் உணவுக்கே திரும்பி வரும். இதனாலேயே, பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடி, 2027 ஆம் ஆண்டு முடிவதற்குள் குழாய் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த முடிவு செய்தன. முருகை வளர்ப்பாரும் பெரும்பாலும் எல்.ஈ.டி. விளக்குக்கு மாறிவருகின்றனர். என் தம்பியும் மாறிவிட்டான். அவ்விளக்கு நீண்டகாலம் திறனோடு உழைப்பது உண்மை. ஆயினும் அதுவும் தேயும் பொருளே. முன்னதைவிட மெதுவாகத் தேய்வதால் கண்ணை இன்னும் எளிதாக ஏமாற்றும். திகதியை எழுதும் பழக்கத்தை அதற்கும் கைவிடலாகாது.

இதனைக் கேட்டு, நம் பாசிக்குடாவிலிருந்து ஒரு முருகைத் துண்டை எடுத்து வந்து வளர்ப்போமா என்று எந்த மாணவனும் எண்ணிவிடக் கூடாது. ஒருகாலத்தில் நம் நாட்டுக் கரையோரங்களில் முருகைக்கல்லை அகழ்ந்து சூளையிட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். இன்று அதனை அகழ்வதும், உயிர்முருகையைப் பிடுங்குவதும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. நமக்குத் தொட்டி வேண்டியதில்லை, விளக்கும் வேண்டியதில்லை. நீர் தெளிந்த மாதங்களில் கரையோரத்திலேயே அவற்றைப் பார்க்கலாம், காலால் மிதியாமல்.

ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை ஒன்றுண்டு. என் பாடசாலை வகுப்பறைகளில் உள்ள குழாய் விளக்குகளைச் சென்று பார்த்தேன். பின்வரிசைக்கு மேலிருந்த ஒன்று எத்தனை ஆண்டாக அங்கே இருந்ததோ, ஒருவருக்கும் தெரியவில்லை. “எரிகிறதுதானே, சேர்!” என்றார்கள் ஆசிரியர்கள். பக்கத்தில் புதியது ஒன்றை மாட்டிக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரிசைப் பிள்ளைகள் ஒருநாளும் முறையிட்டதில்லை. முருகையைப் போலவே அவர்களும் கிடைத்த ஒளிக்குப் பழகிக்கொண்டு, கரும்பலகையை நோக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடலுக்கும் இது பொருந்தும். டானியல் போலி என்னும் கடலியல் அறிஞர் 1995 ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதன்முதலில் கண்ட கடலையே இயல்பான கடல் என்று கொள்ளுகிறது. அதற்கு முன் குறைந்துபோனது அதன் கணக்கில் வருவதில்லை. பாசிக்குடாவை என் தந்தை கண்டது ஒருவிதம்; நான் கண்டது ஒருவிதம்; என் மாணவர் காண்பது வேறுவிதம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடப் புதுக் குழாய் இல்லை. எழுதி வைத்த குறிப்பு ஒன்றே அதற்கு வழி.

ஆகவே, நேயர்களே, உங்கள் வீட்டு விளக்கின் முனையில் ஒரு திகதியை எழுதி வையுங்கள். முடிந்தால், அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது கண்டதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தச் சிறு பிள்ளை இப்போது வளர்ந்துவிட்டாள். அவளுடைய தொட்டியில் வேறொரு கிளைமுருகை தழைத்திருக்கிறது என்றும், தொட்டியின் பக்கத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் தொங்குகிறது என்றும் அண்மையில் எழுதியிருந்தாள். அதன் முதற் பக்கத்தில், விளக்கு மாட்டிய திகதிக்குக் கீழே, ‘பெரியப்பாவிடம் கேட்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறாளாம். அந்தத் தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்ளுகிறேன்.